முடி நட்ட ஆறாவது வாரம்: எதற்குப் பதற வேண்டாம், எதைக் கட்டாயம் கேட்க வேண்டும்

கேள்வி இது: "வயது 28. சொந்த ஊர் சேலம், பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஐ.டி. வேலை. ஆறு வாரத்துக்கு முன் இங்கே ஒரு கிளினிக்கில் எஃப்யுஇ முறையில் (பின்னந்தலையிலிருந்து ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து நடுவது) 3200 கிராஃப்ட் (வேரோடு எடுத்த சிறு முடிக்கொத்து) வைத்துக்கொண்டேன். நட்ட முடி முக்கால்வாசி கொட்டிவிட்டது. பின்னந்தலை மரத்துப்போயிருக்கிறது, அங்கங்கே பரு. போன் பண்ணினால் 'நார்மல்தான் சார்' என்கிறார்கள். கூடவே அடர்த்திக்கு இன்னொரு சிட்டிங், 1500 கிராஃப்ட், இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? வீட்டில் வேறு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

தம்பி, முடி கொட்டியதை வைத்து ஏமாந்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். ஆனால் அந்த இரண்டாவது சிட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். இந்த இரண்டையும் விளக்கத்தான் மீதி முழுவதும்.

நான் தோல் மருத்துவர், அல்சூரில் பார்க்கிறேன். முடி நடும் அறுவையும் செய்கிறேன். வேறு இடத்தில் செய்துகொண்டு சிக்கலோடு வருகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களில் பாதிப் பேர் உங்களைப்போல ஓசூர், சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள். எல்லோரும் கொட்டுவதையும் வீங்குவதையும் கண்டுதான் மிரள்கிறார்கள். மரத்துப்போகிற ஊசி எத்தனை மில்லி போட்டார்கள், தலையில் துளையிட்டது யார், பின்னந்தலையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று யாருமே கேட்டு வருவதில்லை. ஆயுளுக்கும் நிற்கிற பாதிப்பும், அரிதாக உயிரையே எடுக்கிற பாதிப்பும் அந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கின்றன.

முதலில் உங்கள் தலையைப் பற்றி. முடிவேரைப் பின்னந்தலையிலிருந்து எடுக்கும்போது அதன் ரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. புது இடத்தில் ரத்தக்குழாய் பிடிப்பதற்குள் வேர் ஓய்வு நிலைக்குப் போய்விடும்; மேலே தெரிகிற முடித்தண்டு உதிர்ந்துவிடும். இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரம்வரை இது நடக்கும். நிறையப் பேர் தலையணையில் கிடந்த முடியை டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். நுனியில் வெள்ளையாகக் கடுகளவுகூட இல்லாத ஒரு சின்ன முடிச்சு இருக்கும். "டாக்டர், வேரோடு வந்துவிட்டது" என்று சொல்லும்போது குரலே உடைந்துவிடும். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி அப்படித்தான் இருக்கும். சீப்பில் வரும் சாதாரண முடியிலும் அதே முடிச்சைப் பார்க்கலாம். நட்ட கிராஃப்ட் ஒன்பது, பத்து நாளில் தோலோடு ஒட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு இழுத்தாலும் வருவது தண்டு மட்டுமே. முதல் வாரத்தில் ரத்தக் கசிவோடு சதைத் துணுக்காக வந்திருந்தால் அதுதான் இழப்பு. ஆறாவது வாரத்தில் அந்தக் கவலையே வேண்டாம்.

மூன்று, நான்கு மாதத்தில் பூனைமுடி போல மெல்லியதாக, ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் முளைக்கத் தொடங்கும். ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் கண்ணாடியில் வித்தியாசம் தெரியும். முன்பக்கத்துக்கு ஒரு வருடம், உச்சந்தலைக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நடுவில், அறுவைக்கு முன்பு இருந்த சொந்த முடியும் கொஞ்சம் உதிர்ந்து, தலை பழையதைவிட மோசமாகத் தெரிகிற கட்டம் ஒன்று வரும். அதுவும் பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும். ஏற்கெனவே மெலிந்து சாகக் கிடந்த முடிகள் மட்டும் திரும்பாமல் போகலாம். இதை அறுவைக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மரத்துப்போனது, தோலுக்கடியில் ஓடும் மெல்லிய உணர்வு நரம்புகள் அறுபட்டதால். மூன்று முதல் ஆறு மாதத்தில் படிப்படியாகச் சரியாகும். நடுவில் எறும்பு ஊர்வது போலவோ சுருக்கென்று குத்துவது போலவோ இருந்தால் நரம்பு வளர்கிறது என்று அர்த்தம். பின்னந்தலையில் பட்டையாகத் தோலையே வெட்டியெடுத்துத் தைக்கும் எஃப்யுடி முறையில் இது இன்னும் நீண்ட காலம் இருக்கும்.

பரு விஷயத்தில் மட்டும் "நார்மல்தான்" என்று போனிலேயே முடிக்க மாட்டேன். ஒன்றாவது மாதத்திலிருந்து நான்காவது மாதம்வரை, புதுமுடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுருண்டுகொண்டாலும், கிராஃப்டை ஆழமாகப் புதைத்திருந்தாலும் பரு வரும். அங்கங்கே நாலைந்து என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை ஒத்தடம் கொடுத்தால் போதும், அமுங்கிவிடும். கிள்ளக் கூடாது. கொத்தாக வந்தால், வலித்தால், சீழ் கோத்தால் நேரில் காட்டுங்கள். சீழை எடுத்துக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்து அதற்கேற்ற மாத்திரை கொடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இது கட்டாயம் நடக்கும். ஊரிலிருந்து அம்மா கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சிக் கொடுத்து அனுப்புவார். யாராவது சின்ன வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்வார்கள். ஆறாத தோலில் வெங்காயச் சாறு எரிச்சலையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். பரு இருக்கிற தலையில் எண்ணெயை ஊறவைத்தால் பரு பெருகும். அம்மா மனம் நோகாமல் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் போகட்டும். பெங்களூரு போர்வெல் தண்ணீர்தான் முடியைக் கொட்டவைத்தது என்று இங்கே வரும் நம் பிள்ளைகள் எல்லோருமே நம்புகிறார்கள். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரவென்றாகும், நடுவில் ஒடியும். ஆனால் ஏறு நெற்றியும் உச்சி வழுக்கையும் டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு முடிவேர் பரம்பரையாகக் காட்டும் பலவீனத்தால் வருவது. டேங்கர் தண்ணீரை மாற்றினாலும் அது நிற்காது.

எதற்குப் பதற வேண்டும்? அறுவை முடிந்த இரண்டு, மூன்று நாளில் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைக்கு இறங்குவது சாதாரணம், ஒரு வாரத்தில் வடிந்துவிடும். ஆனால் மூன்று நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றமடிக்கும் கசிவு ஆகியவை கிருமித்தொற்றின் அறிகுறி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நட்ட இடத்தின் நடுவில் தோல் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்துப் பொருக்குத் தட்டினால் தோல் செத்துக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கித் துளையிட்டாலும், ஊசியில் அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து) கூடினாலும் அங்கே ரத்தம் போய்ச் சேராது. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். "தினம் ரெண்டுதான் டாக்டர்" என்பார்கள். அந்த இரண்டும் வேண்டாம் என்பேன், முன்னும் பின்னும் சில வாரங்களுக்காவது.

இனி ஊசி. முடி நடுவதை "சின்ன புரொசீஜர், ஊசி போட்டு உட்கார்ந்தபடியே செய்வது" என்று சொல்லி விற்கிறார்கள். ஆபத்து அந்த ஊசியில்தான். லிக்னோகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்தை அட்ரினலினோடு சேர்த்துப் போட்டால் கிலோவுக்கு 7 மி.கி. வரைதான் போடலாம், மொத்தமாக 500 மி.கி. தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 490 மி.கி. இரண்டு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மி.கி. இருக்கும். 30 மில்லி குப்பி ஒன்றில் 600 மி.கி. அதாவது ஒரு முழுக் குப்பியை அப்படியே ஏற்றினாலே வரம்பு தாண்டிவிடுகிறது. முன்தலை, பின்தலை இரண்டையும் மரக்கவைக்க வேண்டும், அறுவையோ எட்டு மணி நேரம் நீளும், நடுவில் வலிக்கிறது என்றால் மறுபடி ஊசி. அதனால்தான் மருந்தைச் சலைனில் கலந்து நீர்க்கவைத்து, பின்தலைக்கு முதலில், சில மணி நேரம் விட்டு முன்தலைக்கு என்று பிரித்துப் போடுகிறோம். ஒவ்வொரு ஊசியையும் நேரத்தோடு பலகையில் எழுதிக் கூட்டிக்கொண்டே வருவோம். சேர்த்து பியுபிவகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தும் போட்டால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது இதயத்தை இன்னும் மோசமாகத் தாக்கக்கூடியது. அளவு மீறினால் வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், பிறகு வலிப்பு, இதய நிறுத்தம். இதற்கு மருந்து இருக்கிறது, 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். அது அந்த அறையில் இருக்க வேண்டும், ஏற்றத் தெரிந்தவரும் அங்கே இருக்க வேண்டும்.

ஒற்றைத் தலைவலிக்கோ படபடப்புக்கோ புரோபிரனலால் சாப்பிடுகிறவர்கள் ஐ.டி. ஆட்களில் நிறைய. அதோடு அட்ரினலின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்காமல் ஊசியை எடுக்கிற இடத்தில் உட்காரவே கூடாது.

நான் மிகைப்படுத்தவில்லை. 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவ மாணவர் இறந்தார். 2019-ல் மும்பையில் 43 வயது தொழிலதிபர் ஒருவர் இறந்தார். ஒரே அமர்வில் 9000-க்கும் மேல் முடி நட்டதாகச் செய்தி வந்தது. 2021-ல் டெல்லியில் முப்பது வயது இளைஞர் ஒருவர் அறுவைக்குப் பின் ரத்தத்தில் தொற்று பரவி இறந்து, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. கான்பூரில் இரண்டு பொறியாளர்கள் இறந்ததாகப் பதிவான வழக்கில் அறுவை செய்ததாகச் சொல்லப்பட்டவர் பல் மருத்துவர். எத்தனையோ பேர் நலமாக எழுந்து போகிறார்கள், மரணம் மிக அரிது. ஆனால் தலைமுடிக்காகப் படுத்த ஒருவர் எழாமல் போனதை ஒரு வீட்டாரால் எப்படித் தாங்க முடியும்?

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: யூடியூப் பார்த்தோ ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்தோ கற்றது பயிற்சி ஆகாது; முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோதான் செய்ய வேண்டும்; உதவியாளர்கள் அவர்களுடைய மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? கன்சல்டேஷனில் கோட் போட்ட டாக்டர் வருவார், நெற்றியில் மார்க்கரால் கோடு போடுவார். பிறகு துளையிடுவதும் எடுப்பதும் நடுவதும் டெக்னீஷியன்களே; டாக்டர் அடுத்த கிளைக்குப் போய்விடுவார். நல்ல டெக்னீஷியன்களின் கை மிக நேர்த்தியானது, அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாமல் எங்களால் ஒரு அறுவையும் முடியாது. ஆனால் ஊசி போடுவதும் தோலைக் கீறுவதும் டாக்டரின் வேலை. உங்களுக்கு யார் செய்தார்கள் என்று நினைவிருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 1500 கிராஃப்டுக்கு வருகிறேன். இந்த அறுவை புதிதாக ஒரு முடியைக்கூட உண்டாக்குவதில்லை. டிஹெச்டி தாக்காத பின்னந்தலை முடியை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. இடம் மாறினாலும் அது தன் குணத்தை விடாது என்று நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் காட்டியதுதான் இந்தத் துறைக்கே அடிப்படை. நாற்றுப் பிடுங்கி நடுகிற வேலைதான், ஆனால் இந்த நாற்றங்காலில் மறுபடி விதைக்க முடியாது. துளையிட்டு எடுத்த இடத்தில் முடி திரும்ப வராது. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துப் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் 5000 முதல் 6000 கிராஃப்ட். பின்முடி அடர்த்தி குறைந்தவர்களுக்கு இன்னும் கம்மி. நீங்கள் 28 வயதிலேயே 3200-ஐச் செலவழித்துவிட்டீர்கள். இன்னும் 1500 கொடுத்தால், நாற்பது வயதில் உச்சி காலியாகும்போது எடுக்க என்ன இருக்கும்?

அப்படிச் செய்துகொண்டவர்களைப் பார்க்கிறேன். தொப்பியைக் கழற்றித் திரும்பி உட்காருவார்கள். பின்னந்தலை முழுக்க, காதுக்குப் பின்னால் கழுத்து மயிர்வரை, பூச்சி அரித்த கம்பளி போல வட்ட வட்டமாகத் தோல் தெரியும். முன்னால் பதினெட்டு வயதுப் பையனின் நெற்றிக்கோடு நேர்கோடாக, தாழ்வாக, அடர்த்தியாக நிற்கும். அதற்குப் பின்னால் சொந்த முடி பின்வாங்கிப் போய் நடுவில் வெட்டவெளி. சலூனில் மெஷின் போட முடியாது. பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டு, போட்டால் புள்ளிகள் ஊருக்கே தெரியுமே என்று தவிக்கிறவர்களும் வருகிறார்கள். இதற்குப் பரிகாரம் மிகக் குறைவு. தாடி முடியைப் பறித்து நிரப்பலாம், புள்ளிகளுக்கு நிறமேற்றலாம், அவ்வளவுதான். இந்தப் பாதிப்புக்கு ஊசியோ கிருமியோ காரணமில்லை. முதல் நாள் போட்ட திட்டம்தான் காரணம்.

முதல் அறுவையின் பலன் தெரியவே ஒரு வருடம் ஆகும். ஆறாவது வாரத்தில் அடர்த்தி போதாது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் பார்க்க அங்கே முடியே இல்லை. அந்தத் தள்ளுபடிக்கு மருத்துவக் காரணம் எதுவுமே இருக்க முடியாது. கூடவே பிஆர்பி (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்ததைத் தலையில் ஊசியாகப் போடுவது) பேக்கேஜ் என்றும் வருவார்கள். அதைச் செய்யாததால் நட்ட முடி முளைக்காமல் போகப்போவதில்லை.

கிராஃப்ட் கணக்கிலும் ஒரு விஷயம். ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடிவரை இருக்கும். கிராஃப்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்தில், மூன்று முடி கிராஃப்டைப் பிரித்து மூன்றாகக் கணக்குக் காட்டவும் வாய்ப்பு உண்டு. ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று எத்தனை என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர்களிடம் அந்தக் கணக்கு எழுத்தில் இருக்கும்.

நட்ட முடி நிற்கும். சொந்த முடி மருந்து இல்லாமல் நிற்காது. டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை 1 மி.கி. தினமும், மினாக்ஸிடில் மருந்து தலையில் தடவ. ஃபினாஸ்டரைடால் ஒரு சிலருக்குப் பாலுணர்வு குறைவதும் மனச்சோர்வும் வருவது உண்மை. வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்கு முயலும்போது விந்தணுவின் தரத்தைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும், கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. அதனால்தான், பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்பது என் கருத்து. நெற்றி பற்றிய வெட்கமாக மட்டும் இருந்தால் உங்கள் இஷ்டம் என்று விட்டிருப்பேன். வருடக்கணக்கில் வீட்டில் இருக்கப்போகிற ஒரு மாத்திரை, குழந்தை பற்றிய முடிவு இரண்டும் இதில் இருக்கின்றன. நல்ல பெண்ணாக இருந்தால் "அவ்வளவுதானா?" என்று கேட்பாள், நான் பார்த்தவரையில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது. அந்தக் கிளினிக்கோடு தொடர்பில்லாத ஒரு தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். செலவு யோசனையாக இருந்தால் சிவாஜி நகர் பௌரிங் ஆஸ்பத்திரியிலோ விக்டோரியாவிலோ தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்தால் பார்த்துவிடலாம். பின்னந்தலையில் மிச்சமிருக்கும் அடர்த்தியை டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) எண்ணி எழுதித் தரச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் தேடாதீர்கள்.

கிளினிக்கில் உங்கள் அறுவைக் குறிப்பை எழுத்து மூலமாகக் கேளுங்கள்: யார் செய்தது, அவருடைய மருத்துவ கவுன்சில் பதிவு எண், என்ன மருந்து எத்தனை மில்லி, எந்த அளவு பஞ்ச் (துளையிடும் கருவி), எத்தனை கிராஃப்ட், எங்கிருந்து எடுத்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. இழுத்தடித்தால் இரண்டு வழி உண்டு. டாக்டர் மேல் என்றால் கர்நாடக மருத்துவ கவுன்சில். கிளினிக் மேல் என்றால், கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையங்கள் எல்லாமே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்து சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கன்னடத்தில் எழுத வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். குறிப்பு கைக்கு வந்ததும் ஒரு நகலை அடுத்து பார்க்கப்போகும் டாக்டருக்கும் கொடுங்கள்.